சுண்ணாம்பு பட்ட மஞ்சள் ரோசா

மதினி,

மஞ்சள் ரோசா சிவந்துபோன அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களை ஒருத்தர் விடாமல் சொல்லிவிடுகிறேன். உள்ளறைக் கட்டிலில், காலுக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்திருந்த என் மகள் கவிதா. அடுப்படியில் உங்கள் மகள் செல்வி. கூடத்தில் பாயை விரித்து, நடுவில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த நீங்களும் நானும். கவிதா வயிற்றில் இருந்தவனையும் சேர்த்தால் ஐந்து பேர். மருமகன் ஆபீசுக்குப் போய்விட்டார். வேறு ஈ காக்கை இல்லை. எனக்கும் தெரியும், நானும் அங்கனதான் இருந்தேன் என்று இனிமேல் யாராவது கதை சொல்லிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இன்று காலையில் கவிதா பூச் செய்வதற்கு அடுப்பில் க்ளே கிண்டினாள். கான்ஃப்ளவர் மாவும் வெள்ளைப் பசையும் சேர்ந்து வாணலியில் அல்வா மாதிரி சுருண்டு வரும்போது, வினிகர் சேர்ந்த ஒரு புளிப்பு வாடை வீடெல்லாம் அடிக்குமே, அது அடித்தது. நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள், என்னை அறியாமல், "மதினி, எண்ணெய் தொட்டுக்கிட்டீகளா, கையில ஒட்டும்" என்று சொல்லிவிட்டேன். கவிதா திரும்பிப் பார்த்தாள். கரண்டியைத் திருப்பித் திருப்பிக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கை வலிக்கிறது, இருந்தாலும் நிறுத்தப் போவதில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நிச்சயத்தன்று எங்கள் ஓடைப்பட்டி வீட்டுக்கு வந்தீர்கள். அரக்குக் கலரில் பச்சைக் கரை போட்ட சேலை. என் கையால் கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிட்டீர்கள். திராட்சைப் பந்தல் வைத்திருக்கிற குடும்பம் நாங்கள், எங்கள் காப்பி உங்களுக்குக் கசந்துபோனதா என்று அன்றைக்கே மனதில் முடிந்து வைத்தேன். கல்யாணத்தில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்ற வந்தபோது இலையைக் கையால் மறைத்தீர்கள். அதையும் முடிந்து வைத்தேன். பல வருசம் கழித்து, க்ளே பிசைந்துகொண்டே கேட்டபோது சிரித்தீர்கள். "காப்பியில ஆடை மெதந்துச்சு மதினி, எனக்கு ஆடையைக் கண்டாலே கொமட்டும். பாயசத்துக்கு என்ன காரணம்னு எனக்கே தெரியல" என்றீர்கள். அந்த இரண்டையும் அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

என் மனதில் உங்களைப் பற்றி இன்னொரு குறையும் இருந்தது. அதை அப்போது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக்குப் பழம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற பொம்பளை நீங்கள். மூட்டு தேய்ந்து நின்றுபோகிற வரைக்கும் ஏறி இறங்கித்தான் மகனைப் படிக்க வைத்தீர்கள், அரசாங்க வேலையில் உட்கார வைத்தீர்கள். அப்படியும் எங்கள் வீட்டில் உங்களுக்குப் பெயர் "ஜீப்புல போறவுக". அந்தப் பெயரை வைத்தது என் அக்கா. சிரித்தது நான்.

முதலில் என் அக்கா மகளைத்தான் உங்கள் மகனுக்குப் பார்க்க வந்தீர்கள். பார்த்துவிட்டுப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள், என் மகளைக் கேட்டீர்கள். அக்காவுக்கு அது எவ்வளவு தூரம் உள்ளே போய்த் தைத்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் மகளை வேறு இடத்தில் கொடுத்தாள். இரண்டு வருசத்தில் அந்தப் பிள்ளை வாழப் பிடிக்காமல் வீட்டுக்கே வந்துவிட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு இதில் ஒன்றும் தெரியாது.

கவிதாவுக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. அந்த இரண்டாவது முறை, தேனி ஆஸ்பத்திரியில், நான் மாத்திரை வாங்கக் கீழே இறங்கிப் போயிருந்தேன். திரும்பி வரும்போது நீங்கள் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா என் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனாள். "உன் சம்பந்தி என்ன சொன்னாக தெரியுமா? இந்த வயித்துல எதுவும் தங்காது, மகனுக்கு வேற பாக்கணும்னு சொல்றாக" என்றாள்.

நான் விசாரிக்கவில்லை மதினி. மாமியார் சொன்னாள் என்றால் ஊரே நம்பும். நானும் நம்பினேன். என் பிள்ளை உள்ளே மயக்கத்தில் கிடக்கிறாள், வெளியே இப்படி ஒரு வார்த்தையா என்று அன்றைக்கு மூடின வாயை நாலு வருசம் உங்களிடம் திறக்கவில்லை. கவிதாவிடம் காரணம் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவள் காதில் விழக்கூடாது என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மூன்றாவது தங்கியபோது, அஞ்சாம் மாதத்திலிருந்து எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள நானும் உங்கள் வீட்டில் வந்து தங்கினேன். அவளோ அதற்கு முன்பே ராயப்பன்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் பூ செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சில் கல்யாணம். பொண்ணுக்குத் தலையில் வைக்கிற பூ வளையம் ஒன்று, கையில் பிடிக்கிற பூங்கொத்து ஒன்று. எல்லாம் க்ளேயில், வாடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் எடுத்து வைக்கிற மாதிரி. வேறு ஆளிடம் கொடுத்துவிடு என்று மருமகன் சொன்னார். கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரம் எழுந்து உட்கார்ந்து இதழ் உருட்டினாள். ஒருநாள் சேலையில் லேசாக ரத்தம் பட்டிருந்தது. அன்றைக்கு அவளை நானும் திட்டினேன், நீங்களும் திட்டினீர்கள். வேறு வேறு அறையில் நின்றுகொண்டு.

பூ முடியாவிட்டால் அவள் எழுந்துவிடுவாள், எழுந்தால் பிள்ளை தங்காது. இவ்வளவுதான் கணக்கு. நான் ஒரு முடிவெடுத்துப் பாயில் வந்து உட்கார்ந்தேன். அதே முடிவை எடுத்து நீங்களும் வந்து எதிரே உட்கார்ந்தீர்கள்.

அவள் கட்டிலில் படுத்தபடியே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். உருண்டையைக் கண்ணீர்த்துளி மாதிரி உருட்டு, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய், ஓரம் மட்டும் மெல்லிசாகணும், நடு கனமாக இருக்கட்டும் என்பாள். தேய்த்த இதழை ஒரு தட்டில் வைத்துச் செல்வி உள்ளே கொண்டுபோய்க் காட்டுவாள். "இது அத்தை செஞ்சது, நல்லா இருக்கு. இது அம்மா செஞ்சது, அப்பளம் மாதிரி இருக்கு" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஆனால் உங்கள் தோள் குலுங்கும். அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரியும்.

அப்போதும் நாம் பேசிக்கொள்ளவில்லை. "செல்வி, அந்தக் கம்பியை இங்கன தள்ளச் சொல்லு" என்பேன். கம்பி உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கும். "செல்வி, கத்தரி யாருகிட்ட இருக்குன்னு கேளு" என்பீர்கள். கத்தரி என் மடியில் இருக்கும். அந்தப் பிள்ளை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தே ஓய்ந்துபோனது.

அன்றைக்குச் செய்தது இளமஞ்சள் ரோசா. மஞ்சள் கலர் பாதியில் தீர்ந்துபோனது. வாங்கி வர ஆள் இல்லை. வீட்டில் மஞ்சள்தூள் இருக்கும்போது கலருக்கு ஏன் கடைக்குப் போகணும் என்று என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். தூளைப் போட்டுப் பிசைந்தேன். நிறம் அழகாகத்தான் வந்தது. ஆளுக்கு இருபது இதழ் தேய்த்து வைத்தோம். நீங்கள் எழுந்துபோய் வெற்றிலை போட்டுவிட்டு வந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், உங்கள் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் ரத்தம் மாதிரி சிவப்புக் கறை. உங்கள் விரலில் இருந்த சுண்ணாம்பு மஞ்சளில் பட்டுவிட்டது. ஆரத்தி கரைக்கிற கை நம் இரண்டு பேருக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் பூவைச் செய்கிற நேரத்தில் இரண்டு பேருக்கும் புத்தியில் படவில்லை.

எனக்கு அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கவிதா சேலையில் பட்டிருந்த கறைதான் ஞாபகம் வந்தது. நாலு வருசமாக மூடியிருந்த வாய் திறந்துகொண்டது.

"வேணும்னுதான செஞ்சீக" என்றேன். "பூவும் முடியக்கூடாது, பிள்ளையும் தங்கக்கூடாது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்ன வாயிதான இது. இந்த வயித்துல எதுவும் தங்காது, மகனுக்கு வேற பாக்கணும்னு சொன்ன வாயிதான."

உங்கள் உள்ளங்கையில் ஒரு இதழ் இருந்தது. அதை நசுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. "மெதுவா பேசுங்க மதினி. அவ காதுல விழுகப் போகுது" என்றீர்கள். என்னிடம் நாலு வருசத்தில் நீங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் மெதுவாகப் பேசுகிற ஆளா? சத்தம் ஏறியது. அப்போது அடுப்படியில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், செல்வி வெறும் ஜாரைப் போட்டு மிக்சியை ஓட விட்டுவிட்டு, கதவோரம் வந்து நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தை, சொன்னது எங்கம்மா இல்ல. நான் பிளாஸ்க்க வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்டேன். உங்க அக்காதான் சொன்னாக. இவ வயித்துல எதுவும் தங்காது, என் மக வீட்லதான இருக்கா, உங்க மகனுக்கு அவளப் பாருங்கன்னு சொன்னாக. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டு, இன்னொரு வார்த்தை பேசாதீக தாயி, எனக்கு மருமக இவ ஒருத்திதான்னு சொல்லிட்டுத் திரும்பி நின்டுக்கிட்டு அழுதுச்சு. அப்புறந்தான் நீங்க மேல வந்தீக."

"செல்வி, வாய மூடு" என்றீர்கள் நீங்கள். அவளை அப்படி அதட்டி நான் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து கவிதா கூப்பிட்டாள். "செல்வி, என்னத்த இம்புட்டு நேரம் அரைக்கிற?"

"சட்னி அண்ணி" என்றது அந்தப் பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதற்காகவே அன்றைக்குத் தேங்காய் உடைத்துச் சட்னி அரைக்க வேண்டியதாயிற்று. தொட்டுக்கொள்ள வீட்டில் இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. தாம்பாளத்தில் இருந்த சிவப்புக் கறை இதழை எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று.

நாலு வருசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த இதழை அப்போதுதான் தட்டில் வைத்தீர்கள்.

"சொன்னா உங்களுக்கு அக்கா இல்லாமப் போயிருவாக. சொல்லலைன்னா எனக்கு ஒரு சம்பந்திதான் போவாக. அவுகளும் மக வீடுன்னு இங்கனதான வந்து நிக்கணும், எங்க போயிருவாகன்னு இருந்தேன்" என்றீர்கள். பிறகு உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினீர்கள். "மாமியா சொன்னான்னா அவ தாங்கிக்கிருவா மதினி. பெரியம்மா சொன்னாள்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. தூக்கி வளத்தவுக."

அன்றைக்கு என்னிடம் வாக்கு வாங்கினீர்கள். அக்காவிடம் இதைக் கேட்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது, மறந்துவிட வேண்டும் என்றீர்கள். முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதற்கு ஆட்டவில்லை. நீங்கள் கவனித்தீர்கள், ஆனாலும் விட்டுவிட்டீர்கள்.

மறுநாள் மருமகன் சரியான மஞ்சள் வாங்கி வந்தார். ரோசாவை முதலிலிருந்து செய்தோம், இந்தத் தடவை பேசிக்கொண்டே. கறை பட்ட பதினொன்றையும் நான் குப்பையில் கொட்டப் போனேன். பிடுங்கிக்கொண்டீர்கள். வெள்ளை க்ளேயில் சின்னச் சின்னதாக இதழ் செய்தீர்கள். அதன் நடுவில் நாக்கு நீட்டின மாதிரி அந்த மஞ்சள் இதழை ஒட்டி, தீக்குச்சி நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாகக் கோடு இழுத்தீர்கள். இழுக்க இழுக்கக் கோடு சிவந்து வந்தது. "இது என்ன பூ தெரியுதா?" என்று கேட்டீர்கள். தெரியவில்லை.

"ஏலப்பூ. நெறம் இம்புட்டுச் செவப்பா இருக்காது, ஊதா கலந்திருக்கும். ஆனா கோடு இதேதான். செடி ஆளு உசரத்துக்கு மேல நிக்கும், பூ மட்டும் தரையோட தரையா அடியில கெடக்கும். நின்டு பாக்குறவுகளுக்குத் தெரியாது. குந்துனவுகளுக்குத்தான் தெரியும்."

இருபத்தாறு வருசம் அந்தப் பூவுக்கு எதிரே குந்தியிருந்த பொம்பளையை, ஜீப்பில் போகிறவள் என்று சிரித்தவள் நான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் மதினி, மலைக்கே சேதி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தீர்கள். "இந்தத் தடவை கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

பூ வளையமும் கொத்தும் ராயப்பன்பட்டிக்குப் போனது. கவிதா கட்டிலை விட்டு இறங்கவில்லை. பேரன் நாள் தப்பாமல் பிறந்தான். முதலில் உங்கள் கையில்தான் கொடுக்கச் சொன்னேன். நீங்கள் வாங்கி, ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கைக்கு மாற்றிவிட்டீர்கள். அவன் தலை அப்போது உங்கள் பக்கமாகவே திரும்பியிருந்தது.

அவன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், சுவரைப் பிடித்து நின்றான். நடக்கிறதைப் பார்க்காமல் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் நெஞ்சைக் கரிக்கிறது என்றீர்கள், பத்து மணிக்கெல்லாம் இல்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த மடலே. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா வந்தாள். எல்லாரையும் விட அதிகமாக அழுதாள். நான் வாக்குக் கொடுத்திருந்தேன், இலை போட்டேன், அவளுக்கும் சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உங்கள் சொந்தக்காரப் பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்து, உங்கள் படத்தைக் காட்டிச் சொல்கிறாள்: "என்ன இருந்தாலும் குடுத்து வச்சவுக. இந்த வயித்துல எதுவும் தங்காது, மகனுக்கு வேற பாக்கணும்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னாக. கடைசியில அதே வயித்துப் பேரனக் கொஞ்சிட்டுத்தான் போனாக."

உயிரோடு இருந்தபோது உங்கள் மேல் போட்டதை, செத்த பிறகும் மாலையோடு சேர்த்துப் போட்டாள். பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். கவிதா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போனது. உங்களைப் பற்றி அவள் நெஞ்சில் அந்த வார்த்தை போய் உட்காருவதை என் கண்ணால் பார்த்தேன்.

வாக்கை மீறினேன் மதினி. எழுந்து நின்று சொன்னேன். "அத சொன்னது அவுக இல்ல. நீ. உன் மகளக் கட்டிவைக்கணும்னு சொன்னது நீ. கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தது அவுக. செல்வி பக்கத்துல நின்டு கேட்டவ. இல்லைன்னு இந்தப் படத்தத் தொட்டுச் சொல்லு."

அக்கா படத்தைத் தொடவில்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே முந்தானையைத் தேடினாள். கவிதாதான் பேசினாள். நீங்கள் தாங்கமாட்டாள் என்று பயந்த பிள்ளை, குரல் ஆடாமல், "பந்தி முடிஞ்சிருச்சு பெரியம்மா. நீங்க கெளம்புங்க" என்றாள்.

அவள் தாங்கினாள். அது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வீடு வெறிச்சென்று ஆன பிறகு கவிதா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அத்தைகிட்ட நீ நாலு வருசம் பேசாம இருந்தது இதுக்காகவாம்மா?" ஆமாம் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகு நேரம் என் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இதழ் தேய்க்கிற மாதிரி, கட்டைவிரலால்.

இப்போது நான் தேய்க்கிற இதழ் அப்பளம் மாதிரி இல்லை. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. நீங்கள் செய்கிற மாதிரியே நடுவைக் கனமாக விட்டு ஓரத்துக்கு வருகிறேன். ஏலப்பூவும் செய்கிறேன், தீக்குச்சியும் சுண்ணாம்பும் வைத்துத்தான். அந்தச் சிவப்பு நாளாக நாளாக மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. மங்கினதை எடுத்துவிட்டு வேறு செய்து உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிறேன்.

நீங்கள் மறந்துவிடச் சொன்னீர்கள். எனக்கு மறக்கிற பழக்கம் இல்லை. ஆனால் நிறையப் பேரை விட்டுவிட்டேன். சீர் குறைந்தது என்று சொன்ன உங்கள் சித்தப்பாவை விட்டுவிட்டேன். கவிதாவைப் பார்த்து ராசியில்லாதவள் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியை விட்டுவிட்டேன், போன பொங்கலுக்கு அவள் வீட்டுக் கரும்பையும் வாங்கிக்கொண்டேன். விசாரிக்காமல் நம்பின என்னையே கூட, நீங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வருகிறேன்.

ஒருத்தியை மட்டும் முடியாது. அவள் சொல்லி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள், போனில் பேசினாள், அழுதாள், ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றாள். பிறந்தோம், இல்லையென்று சொல்லவில்லை. வாசலுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்பேன். செத்தால் போவேன். மன்னிக்கமாட்டேன். நீங்கள் அங்கிருந்து கையெடுத்துக் கும்பிட்டாலும் மன்னிக்கமாட்டேன் மதினி. என் அக்கா ராமுத்தாயை.